எல்லா மாதமும் ஆடியான கதை

2009ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், புரசைவாக்கத்தில் நான் நடத்திவந்த கலர் லேபின், ஃபிலிம் ரோலைக் கழுவிப் பிரிண்ட் போடும் மினிலேப் இயந்திரத்தைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்குப் போட்டேன். 1996இல் வங்கிக் கடனோடு மனைவியின் நகையையும் அடகு வைத்து வாங்கிய இயந்திரம் அது. வாங்கும்போதே அது ஒருவர் கை மாறிய இயந்திரம்தான். வந்தவர் அதற்குள் இருந்த லென்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டாருக்கும் செம்புக் கம்பிக்கும் மட்டும் விலை பேசினார். அவருடைய ஆட்கள் கெமிக்கல் தொட்டிகளைக் கவிழ்த்தபோது, டெவலப்பர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வாசற்படி வரை வழிந்தது. லேப் நன்றாக ஓடிய நாட்களில் அது வெளிறிய தேநீர் நிறத்தைத் தாண்டியதில்லை. ஃபிலிம் தொழில் எப்படிச் சரிந்தது என்று கேட்பவர்களுக்கு நான் அந்த டிகாக்‌ஷன் நிறத்தைப் பற்றித்தான் சொல்வேன்.

கலர் நெகட்டிவைக் கழுவும் டெவலப்பர், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலே கெடும் பொருள். ஒவ்வொரு ரோலும் அதன் சக்தியில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். அந்த அளவுக்கு ஏற்ப இயந்திரம் புதிய கரைசலைத் தானாகவே ஊற்றிக்கொள்ளும். ரோல்கள் வந்துகொண்டே இருந்தால் பழையது வெளியேறிப் புதியது உள்ளே வந்து, தொட்டி எப்போதும் இளமையாக இருக்கும். ரோல் வராத நாளில் புதியது சேராது. ஆனால் காலையிலிருந்து 38 டிகிரிச் சூட்டில் கிடக்கும் கரைசலைக் காற்று மட்டும் தின்றுகொண்டிருக்கும். என் இயந்திரத்துக்கு ஒரு நாளைக்கு 25 ரோலாவது வேண்டியிருந்தது. அதற்குக் கீழே போனால் மின்கட்டணம், கெமிக்கல் செலவு என்ற கணக்கோடு நிற்காது. படத்தின் நிறமே கெடத் தொடங்கும்.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தது 1985இல், பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, வேப்பேரியில் இருந்த ஒரு ஸ்டுடியோவின் இருட்டறைப் பையனாக. அங்கே கறுப்பு வெள்ளைதான் சோறு போட்டது. மாஸ்டர் நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்து, மணப்பெண்ணின் முகத்து அம்மைத் தழும்புகளை மறைப்பார். சிவப்பு விளக்கின் கீழே ட்ரேயை ஆட்டி, பேப்பரில் முகம் எழுந்து வரும் நேரத்தை மனத்துக்குள் எண்ணுவது என் வேலை. பாஸ்போர்ட் படங்களுக்கு நாங்கள் பயன்படுத்தியது பெரும்பாலும் ஊட்டியில் தயாரான ‘இந்து’ பேப்பர். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அந்த மத்திய அரசு நிறுவனம் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. எக்ஸ்ரே ஃபிலிமும் கறுப்பு வெள்ளை ரோலும் பேப்பரும் அங்கிருந்து நாடு முழுவதும் போயின. 1990களின் நடுவிலேயே அது நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் கேமரா நம் வீடுகளுக்குள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்தது இது என்பதை, எல்லாப் பழியையும் டிஜிட்டல் மேல் போடுகிறவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

1990களில் கலர் ரோலும் மலிவான தானியங்கிக் கேமராவும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டின. யாஷிகா எம்எஃப்-2, கோடாக் கேபி-10 போன்றவை பல வீடுகளின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தன. ஒரு ரோலை மூன்று பண்டிகைக்கு வைத்துக்கொள்வார்கள். முதல் படத்தில் தீபாவளியும் கடைசிப் படத்தில் பொங்கல் கோலமுமாக வந்த ரோல்களை நான் எத்தனையோ கழுவியிருக்கிறேன். இருந்தாலும் லேபைத் தாங்கியது கல்யாணம்தான். ஒரு கல்யாணத்துக்குப் பத்து முதல் பதினைந்து ரோல் வரை வரும். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் இரவு பதினொன்று வரை இயந்திரம் ஓடும். காலையில் முகூர்த்தம் முடிந்து மாலையில் வரவேற்பு மேடைக்கே மேக்ஸி சைஸ் பிரிண்ட் போய்ச் சேரும்.

ஆடி வந்தால் எல்லாம் நின்றுவிடும். அந்த ஒரு மாதம் எங்கள் தொழிலின் பலவீனத்தை ஆண்டுதோறும் எங்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. தினமும் காலையில் கடையைத் திறந்தவுடன், தொழிற்சாலையிலேயே அளவாக ஒளி காட்டப்பட்டு வரும் சோதனைத் துண்டு ஒன்றை இயந்திரத்தில் விட்டு, அதன் அடர்த்தியைக் கருவியில் அளந்து வரைபடத்தில் குறித்து வைப்போம். ஆடி பத்தாம் தேதிக்குள் அந்தக் கோடு எல்லையைத் தாண்டத் தொடங்கிவிடும். தொட்டியைக் கொட்டிப் புதிதாக நிரப்பினால் நஷ்டம். விட்டால் படம் பச்சையடிக்கும். ‘ஆவணி வந்தால் சரியாகிவிடும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவோம். 2004க்குப் பிறகு எனக்கு எல்லா மாதமும் ஆடியாகிவிட்டது.

அந்த ஆண்டில்தான் எங்கள் வட்டாரக் கல்யாணப் போட்டோகிராஃபர்கள் ஒவ்வொருவராக நிக்கான் டி70 போன்ற டிஜிட்டல் கேமராக்களுக்கு மாறினார்கள். நாளுக்கு 40 ரோல் பார்த்த கடையில் பத்து ரோல் வந்தது, பிறகு நான்கு. இங்கே நான் செய்த தவற்றையும் எழுதிவிடுகிறேன். செலவைக் குறைக்கக் கெமிக்கல் மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன். காலைச் சோதனைத் துண்டை வாரத்துக்கு ஒன்றாக்கினேன். அதனால் படத்தின் நிறம் மங்கியது. ‘ஃபிலிம்ல முன்ன மாதிரி கலர் வரதில்லண்ணே’ என்று சொல்லிவிட்டு, கடைசி வரை என்னோடு இருந்த இரண்டு போட்டோகிராஃபர்களும் போனார்கள். ஃபிலிமில் ஒரு குறையும் இல்லை. என் தொட்டியில்தான் குறை. பிற்காலத்தில் மற்ற லேப்காரர்களோடு பேசியபோது, அவர்களும் இதையே செய்திருந்தது தெரிந்தது. ரோல் குறைந்ததால் தரம் குறைந்தது, தரம் குறைந்ததால் ரோல் மேலும் குறைந்தது. 2005இலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வரும் நான்கு ரோலையும் இன்னும் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய லேபுக்கு அனுப்பி, கமிஷன் மட்டும் வாங்கியிருந்தால் நான் நான்கு ஆண்டு நஷ்டத்திலிருந்து தப்பியிருப்பேன். சிறு அளவில் எந்தச் செய்முறைத் தொழிலை நடத்துகிறவரும், இயந்திரம் உயிரோடிருக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு வேலை வேண்டும் என்ற எண்ணை முதலிலேயே எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

கடைசி அடி மின்வெட்டு கொடுத்தது. 2008இல் அது அன்றாட வழக்கமாயிற்று. அறிவித்த நேரத்தில் போனால் சமாளிக்கலாம். ஒரு நாள் அறிவிக்காத நேரத்தில் போனது. வில்லிவாக்கத்துக் கல்யாணம் ஒன்றின் இரண்டு ரோல் டெவலப்பர் தொட்டிக்குள் இருந்தபோது உருளைகள் நின்றன. மூன்றே கால் நிமிடம் இருக்க வேண்டிய ஃபிலிம் கையால் சுற்றி வெளியே எடுப்பதற்குள் பத்து நிமிடத்துக்கு மேல் உள்ளே கிடந்தது. தாலி கட்டும் படம் உட்பட எல்லாம் தார் பூசியது போல் கறுத்துப்போயிற்று. கவரின் பின்புறத்தில் ‘ரோல் சேதமடைந்தால் புது ரோல் மட்டுமே தரப்படும்’ என்று எல்லா லேபும் அச்சிட்டிருப்போம். அந்த வாசகத்தை அந்தப் பெண்ணின் தகப்பனாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உறவினர்கள் எடுத்த படங்களையெல்லாம் தேடிச் சேர்த்து, என் செலவில் ஓர் ஆல்பம் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

என் சின்னக் கடையில் நடந்ததே பெரிய அளவில் உலகத்திலும் நடந்தது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவ் சாசன்தான் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். ஒரு படத்தை கேசட்டில் பதிவு செய்ய அதற்கு 23 வினாடி ஆனது. உலகின் கலர் ஃபிலிம் விற்பனை உச்சத்தைத் தொட்டது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான். அடுத்த பத்தாண்டில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. 2005இல் ஆக்ஃபாபோட்டோ திவாலாயிற்று; 2006 ஜனவரியில் கோனிகா மினோல்ட்டா இந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது; 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரியது. ஃப்யூஜிஃபிலிம் மட்டும் ஃபிலிம் அறிவை வேறு பக்கம் திருப்பிப் பிழைத்தது. ஃபிலிமின் மேல் படலமாகப் பூசும் ஜெலட்டினில் கற்ற பாடத்தை முகத்துக்குப் பூசும் அழகுப் பொருளாக்கி விற்றது. சென்னைக்கு இதில் தனி இழப்பு ஒன்று உண்டு. தென்னிந்தியச் சினிமாவின் நெகட்டிவும் தியேட்டர் பிரிண்டும் பெரும்பாலும் ஜெமினி, பிரசாத் போன்ற இந்நகரத்து லேப்களில்தான் கழுவப்பட்டன. தியேட்டர்கள் கியூப் போன்ற டிஜிட்டல் திரையிடலுக்கு மாறியதும் பிரிண்ட் வேலை போயிற்று. பிறகு நெகட்டிவும் நின்றது. அங்கே கலர் கிரேடிங் செய்த கைகளும், தொட்டியின் நிறத்தைப் பார்த்தே அதன் வயதைச் சொன்ன கண்களும் சும்மாயிருக்க முடியாமல் வேறு வேலைக்குப் போய்விட்டன. இயந்திரத்தை மறுபடி வாங்கலாம். அந்த ஆட்களை எங்கே வாங்குவது?

கடை ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன் என்று பிழைத்தது. நெகட்டிவை நான் மறந்தே போயிருந்தபோது 2015 டிசம்பர் வந்தது. ஜாஃபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் அடையாற்றுத் தண்ணீர் இடுப்பளவு நின்றது. வாடிக்கையாளர்கள் வாங்காமல் விட்ட நெகட்டிவ்களும் என் சொந்தக் குடும்ப நெகட்டிவ்களும் அட்டைப்பெட்டிகளில் மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் என் மைத்துனர் நல்லெண்ணத்தில் ஒரு பெட்டியை வெயிலில் காய வைத்தார். அது முழுவதும் போயிற்று. கவரோடு ஒட்டிக் காய்ந்த நெகட்டிவைப் பிரித்தால் படலம் உரிந்து கவரோடு வரும். மற்ற பெட்டிகளை நான் காய விடாமல், அப்படியே சுத்தமான தண்ணீர் நிரம்பிய வாளிகளில் போட்டேன். இரண்டு நாள் இரவும் பகலும் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள்ளேயே கவரிலிருந்து நழுவவிட்டு, சேறு போக அலசி, கடைசியாக ஒரு துளி பாத்திரச் சோப்பு கலந்த கேன் தண்ணீரில் முக்கி, மொட்டை மாடி அறையில் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் தொங்கவிட்டேன். நனைந்த நெகட்டிவ் ஈரமாக இருக்கும்வரை பிழைக்கும். அரைகுறையாகக் காய்ந்தால்தான் சாகும். அதே வெள்ளத்தில் மைத்துனரின் ஹார்ட் டிஸ்க்கும் நனைந்தது. அதிலிருந்து ஒரு படமும் மீளவில்லை. ஃபிலிமின் மேல் எனக்கு மறுபடி மரியாதை வந்தது அந்த மாடி அறையில்தான்.

2018இல், கட்டடக்கலை படிக்கும் ஒரு மாணவி கடைக்கு வந்தாள். பாஸ்போர்ட் போட்டோவுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன். அவள் பையிலிருந்து ஒரு யாஷிகாவை எடுத்து, “அங்கிள், இது எங்க அப்பாவோடது. உள்ள ரோல் இருக்கு, நான்தான் எடுத்தேன். யாருமே கழுவ மாட்டேங்கறாங்க” என்றாள். கறுப்பு வெள்ளை ரோல், இல்ஃபோர்டு எச்பி5. என்னிடம் ஒரு சொட்டு டெவலப்பர் இல்லை. ‘முடியாதும்மா’ என்று சொல்ல வாயெடுத்தவன், ‘திங்கட்கிழமை வா’ என்று சொல்லிவிட்டேன்.

1920களில் வெளியாகி இன்றும் உலகம் முழுவதும் புழங்கும் டி-76 டெவலப்பரின் செய்முறை, மாஸ்டர் எழுதிவைத்த நோட்டில் இருந்தது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். நகைப்பட்டறைகளில் புழங்கும் அதே வெங்காரம்தான். பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் எல்லாம் கிடைத்தன. கலக்கும் வரிசைதான் முக்கியம். சுமார் 50 டிகிரி சூடுள்ள தண்ணீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட்டை மட்டும் போட்டு, அதில் மெட்டாலை முழுவதும் கரைத்த பிறகே மீதிச் சல்ஃபைட்டைச் சேர்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் மெட்டால் கரையாமல் வெள்ளைத் தூளாக மிதக்கும். நான் அவசரத்தில் மாற்றித்தான் போட்டேன்; முதல் லிட்டர் சாக்கடைக்குப் போயிற்று. இரண்டாவது லிட்டரை ஓர் இரவு ஆறவிட்டு, மறுநாள் அந்த ரோலைக் கழுவினேன். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலிலிருந்து எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தபோது, பாண்டி பஜார் நடைபாதையும் ஒரு பூக்காரம்மாவின் விரல்களும் தலைகீழ் வெளிச்சத்தில் தெரிந்தன. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு என் விரலில் ஹைப்போ வாசனை.

அவள் தன் நண்பர்களை அனுப்பினாள். இன்று மாதத்துக்கு அறுபது, எழுபது ரோல் கழுவுகிறேன். இயந்திரம் எதுவும் இல்லை. எவர்சில்வர் டேங்க், தெர்மாமீட்டர், டிஜிட்டல் கேமராவால் நெகட்டிவைப் படம்பிடிக்கும் ஒரு ஸ்டாண்டு, அவ்வளவுதான். இந்த ஊரில் வீட்டிலேயே கழுவ விரும்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி தண்ணீரைப் பற்றியது. புத்தகங்களும் டப்பாக்களும் கறுப்பு வெள்ளைக்கு 20 டிகிரி என்று சொல்லும். சித்திரை மாதத்தில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் 35 டிகிரிக்குக் குறையாது. சூடு கூடினால் கழுவும் நேரத்தைக் குறைக்கலாம் என்று அட்டவணை இருக்கிறது. ஆனால் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் கரைசல் எல்லா இடத்திலும் சீராக வேலை செய்யாமல் வானம் திட்டுத்திட்டாக வரும். ஐஸ் கட்டியை நேராக டெவலப்பரில் போடக் கூடாது. அது உருகி அளவைக் கெடுக்கும். எளிய வழி, டெவலப்பரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பயன்படுத்துவது; அந்தப் பாதித் தண்ணீரை ஃப்ரிட்ஜில் குளிர வைத்துக்கொண்டால் கலவை 24 டிகிரிக்குள் வந்துவிடும். நீர்த்த கரைசலுக்கு நேரமும் நீளும் என்பதால், அவசரமில்லாமல் டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தலாம். பலர் மறப்பது கடைசிக் கட்டம்: டெவலப்பரைக் குளிர்வித்துவிட்டு, ஃபிலிமைச் சுடுதண்ணீர்க் குழாயின் கீழே அலசுவார்கள். திடீர்ச் சூட்டில் ஜெலட்டின் உப்பிச் சுருக்கம் விழுந்து, படம் முழுவதும் வெடித்த வயல் போலாகிவிடும். முதல் கரைசல் முதல் கடைசி அலசல் வரை சூடு ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் போர் தண்ணீரின் உப்பு: கடைசி முக்கலுக்கு மட்டும் கேன் தண்ணீர் வைத்துக்கொண்டால் வெள்ளைப் புள்ளி வராது. உலர்த்தும் இடத்தில் மின்விசிறியைப் போடவே போடாதீர்கள். தெருப் புழுதி முழுவதும் ஈர ஃபிலிமில் வந்து உட்காரும். குளியலறையில் வெந்நீர்க் குழாயை ஐந்து நிமிடம் திறந்து புழுதியை அடங்கவிட்டு, கதவைச் சாத்தித் தொங்கவிடுவதே சிறந்தது.

கடினமானது என்று எல்லோரும் பயப்படும் கலர்தான் சென்னையில் எளிது என்பது வேடிக்கை. கலர் டெவலப்பருக்கு வேண்டிய சூடு 37.8 டிகிரி. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் அதைத் தக்கவைக்கப் பாடுபடுவார்கள். இங்கே மே மாதத்தில் ஒரு பக்கெட் வெந்நீருக்குள் பாட்டிலை நிறுத்தினால் அரை மணி நேரம் அசையாமல் நிற்கும். ஆனால் பழைய பிரச்சினை இதிலும் உண்டு: கலந்து வைத்த ஒரு லிட்டர் பன்னிரண்டு ரோலுக்கு மேல் நன்றாகத் தாங்கும், ஆனால் நெடுநாள் காத்திருக்காது. அதனால் கலர் ரோல்களைச் சேர்த்து வைத்து, பன்னிரண்டு ஆனதும் ஒரே நாளில் கழுவுகிறேன். அவசரப்படுகிறவர்களிடம் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலோர் காத்திருக்கிறார்கள். நீங்கள் எந்த லேபுக்குக் கொடுத்தாலும் ‘கலர் எந்தெந்த நாளில் ஓட்டுகிறீர்கள்’ என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் ஓட்டுவோம் என்று சொல்லும் இடத்தில் கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் என் 2005ஆம் ஆண்டுத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை நான் முழுத் தொகுதியையும் கெடுத்தேன். ஒரு பையன் கொடுத்த ரோலில் பெயரில்லை. சினிமா ஃபிலிமை வெட்டிச் சிறு டப்பாக்களில் அடைத்து மலிவாக விற்பது இப்போது பரவலாக இருக்கிறது. அதன் பின்புறத்தில் ரெம்ஜெட் என்ற கரிப் படலம் இருக்கும் வகை அது. நான் தெரியாமல் மற்ற ரோல்களோடு போட்டுவிட்டேன். கரி உரிந்து, டெவலப்பர் மை போலாகி, அடுத்தடுத்துக் கழுவிய ரோல்களில் எல்லாம் கறுப்புத் துகள். அந்தப் படலத்தை முதலில் சலவைச் சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் குலுக்கி வெளியேற்ற வேண்டும். கழுவி முடித்ததும் பின்புறத்தை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். சினிமா ஃபிலிமைக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து டப்பாவின் மேல் எழுதிக் கொடுங்கள். எழுதாத ரோலை இப்போதெல்லாம் நான் தொடுவதில்லை.

கேமரா வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கேமராக்கள் வருகின்றன. லென்ஸின் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தால் பூஞ்சை. பின்கதவைத் திறந்து ஒரு வினாடி வேகத்தில் ஷட்டரைத் தட்டுங்கள். இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கிறது. கதவோரக் கறுப்புப் பஞ்சு விரலில் பிசுபிசுத்தால் ஒளி கசியும். அதை மாற்றுவது நூறு ரூபாய் வேலைதான், அதற்காக ஒதுக்க வேண்டாம். பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு இருந்தால் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாங்கிய கேமராவை அதன் தோல் உறையில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை முதலில் குடியேறும் இடம் அதுதான். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைத்தால் போதும். புதிதுதான் வேண்டும் என்பவர்களுக்கு, 2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய ஃபிலிம் கேமராவே வந்தது. ஒரு சட்டகத்தை இரண்டாக்கி 36 படம் எடுக்கும் ரோலில் 72 எடுப்பது அது. ரோல் விற்கும் விலையில் அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

ரோலை ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் வெளியே எடுத்த உடனே டப்பாவைத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது போகட்டும், இல்லையென்றால் ஃபிலிமின் மேல் வியர்க்கும். மே மாதத்தில் வண்டி டிக்கியில் மறந்துவிட்ட ரோலின் நிறம் என்னிடம் வந்தாலும் திரும்பாது. விமான நிலையத்தில் புதிய வகை சி.டி. (CT) ஸ்கேனர்கள் ஒரே முறையில் ஃபிலிமைப் புகைபிடித்தது போலாக்கிவிடும். ரோல்களைத் தனிப் பையில் வைத்துக்கொண்டு கையால் சோதிக்கும்படி கேளுங்கள். மெரினாவின் நண்பகலில் கண்ணால் ஒளியைக் கணக்குப் போடும்போது சந்தேகம் வந்தால், கலர் நெகட்டிவுக்கு ஒளி கொஞ்சம் கூடுதலாகவே விழட்டும். கூடினால் மீட்கலாம், குறைந்தால் நிழலில் ஒன்றுமே இருக்காது.

ஃபிலிமின் இந்த மறுவரவை நான் முழுதாக நம்புகிறேனா என்று கேட்கிறார்கள். 2018இல் கோடாக் தன் எக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிமைத் திரும்பக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ஹார்மன் 2023 இறுதியில் ஃபீனிக்ஸ் என்ற கலர் ரோலையே புதிதாகச் செய்து வெளியிட்டது. இவை வெறும் பழைய சரக்கை விற்பது இல்லை. ஆனால் 1990களில் நூறு ரூபாயை ஒட்டி நான் விற்ற கலர் ரோல் இன்று ஆயிரத்தைத் தொட்டு நிற்கிறது. கழுவி ஸ்கேன் செய்வதையும் சேர்த்தால் ஒரு படத்துக்கு முப்பது, நாற்பது ரூபாய் ஆகிறது. திரும்பி வந்திருப்பவர்கள் வாங்குபவர்கள். கழுவுபவரும் பழுது பார்ப்பவரும் கெமிக்கல் விற்பவரும் இன்னும் வரவில்லை. பயன்படுத்திய ஹைப்போவிலிருந்து வெள்ளி எடுக்கக் கேனோடு வந்து விலை பேசிப் போவாரே ஒருவர், அவரும் வரவில்லை. என் கடையின் பின்னால் ஏழு கேன் நிற்கின்றன. அதைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை, ஊற்றவும் கூடாது.

ரசனையும் மாறிவிட்டது. ஒளி கசிந்து ஓரத்தில் சிவப்படித்த பிரிண்டுக்கு ஒரு காலத்தில் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அதைச் சரிசெய்து அனுப்பினால், “அந்த ரெட் எங்க அங்கிள்?” என்று கேட்கிறார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறொன்றில்: ஸ்கேன் செல்போனுக்குப் போனதும் நெகட்டிவை வாங்க யாரும் வருவதில்லை. அசல் அதுதான், போனில் இருப்பது அதன் நகல் என்று சொல்லிப் பார்த்தேன். இப்போது நெகட்டிவைப் பெற்றுக்கொண்டால்தான் அடுத்த ரோலை வாங்குவேன் என்று விதி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பலிக்கிறது.

இதை எழுதும் இன்று சனிக்கிழமை. கலர் டப்பாவில் பதினொரு ரோல் இருக்கின்றன. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தைப் படமெடுக்கப் போன பையன் பத்து மணிக்கு ரோலோடு வருவதாகச் சொன்னான். மணி பத்தே முக்கால். அலசும் தண்ணீரைச் சூடாக்கி வைத்துவிட்டேன், கெமிக்கல் பாக்கெட்டை இன்னும் பிரிக்கவில்லை.